இடது முழங்கால் யாருக்கெல்லாம் தெரியும்?

வெல்பரி
10 ஜனவரி 1909

அக்கா கெசையாவுக்கு,

நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. கதகதப்பாக இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். யாரிடம் சொன்னாய்?

என் இடது முழங்காலுக்குள் ஏதோ கழன்று கிடக்கிறது என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருத்தி, நவம்பரில் நான் ஹேசில்டன் வந்திருந்தபோது கடைப் பின்கட்டில் என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவிவிட்ட நீ. எங்கள் கால்பந்து கிளப்பின் பயிற்சியாளர் கிரிம்ஷாவுக்குக்கூடத் தெரியாது. கூட ஆடுகிறவர்களுக்கும் தெரியாது.

நேற்றைய ஆட்டத்தைக் கேள். எப்போதும்போல வலது முழங்காலில் வெள்ளைத் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்கினேன். வலது கால் நன்றாக இருக்கிற கால். பார்க்கிறவன் கட்டுப் போட்ட காலைத்தான் உதைப்பான். கெட்ட கால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் நேற்று எதிரணியின் பின்காவலன், அலமாரிக்குக் கால் முளைத்த மாதிரி ஒருவன், அந்தக் கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடது முழங்காலுக்கு வந்தான். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். மறுபடியும் வந்தான். நான் சேற்றிலிருந்து எழுந்தபோது பல்லைக் காட்டிக்கொண்டு, "என்னப்பா, பந்தயக் குதிரை இன்னிக்கு மூணு கால்ல ஓடுது?" என்றான்.

மூன்று கால். இதை அவனுக்கு யார் சொன்னது?

ஏப்ரல் கடைசியில் கிளப் முதலாளிகள் அடுத்த வருடத்துக்கு யார் யார் வேண்டும் என்று மைதானக் கதவில் ஒட்டுவார்கள். அதில் என் பெயர் இல்லாவிட்டால் என் ஆட்டம் முடிந்தது. முழங்கால் போனவன் என்று பெயர் வாங்கிய இருபத்தொன்பது வயதுக்காரனை எந்த ஊர் எடுக்கும்? திரும்பவும் ஆலையில் பஞ்சு சிக்கெடுக்கும் அறைக்குத்தான் வரவேண்டும். அந்தத் தூசியை இருமி இருமித்தான் அப்பா போனார். ஏப்ரல்வரை இந்த முழங்காலை மறைத்துவிட்டால் போதும். கோடையில் ஓய்வு கொடுத்துச் சரிப்படுத்திவிடுவேன்.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். யாரிடம் சொன்னாய்? இந்தக் கடிதத்தைக் கடையில் படித்துக் காட்டாதே.

ஜேபஸ்


ஹேசில்டன்
13 ஜனவரி

என் செல்லச் சந்தேகப் பிராணிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அடுப்பிலிருந்த பட்டாணி அடிப்பிடித்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் வினிகரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாவம் உன் தலையில்.

யாரிடமும் சொல்லவில்லையடா. உன் கடிதங்களைக் கடையில் படித்துக் காட்டுவது உண்மைதான். வேகவைத்த மாட்டுக் குடலுக்காக மட்டுமா என் கடையில் இவ்வளவு கூட்டம்? ஆனால் முழங்கால் விஷயம் இந்த வாயைத் தாண்டவில்லை. உன் அத்தானுக்கே தெரியாது. அவர் அப்போது புறாக்கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். வீடு தீப்பிடித்தாலும் புறாக்களைக் கேட்டுவிட்டுத்தான் ஆமோஸ் வெளியே வருவார்.

நீ எழுதியதிலிருந்து எனக்கும் புத்தி கெட்டுவிட்டது. நேற்று மதியம் நெசவுக்காரப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது அடுத்த தெரு மார்த்தா, "கால் வலி உயிர் போகுது கெசையா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்தக் கால்? யார் சொன்னாங்க உனக்கு?" என்று கரண்டியோடு பாய்ந்தேன். "யார் சொல்லணும்? என் கால்தான்டி, காலாணி" என்று அவள் மரச்செருப்பைக் கழற்றிக் கல்லாமேல் வைக்கப் பார்த்தாள். கடை முழுக்கச் சிரிப்பு.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். உன் துணிமணியைத் தினமும் எடுத்து வைப்பது யார்? நீ குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் மகள், அந்த வின்னி. நீ படி ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பது யார்? அவளே. உன் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கிரேவி ஊற்றுகிறாள் என்று நீதானே எழுதினாய்? பெருமையாக வேறு எழுதியிருந்தாய். இரண்டாவது கரண்டி ஊற்றுகிறவளுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நான் கடைக்காரி, எனக்குத் தெரியாதா? அவளுடைய மாமன் மகன் ரயில்வேயில் வேலை பார்க்கிறானாமே. எல்லா ஊருக்கும் போகிறவன். எல்லா ஊரிலும் ஒரு கால்பந்து அணி இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார் என்கிறேன்.

நாக்கை நாலு தடவை கடித்துக்கொண்ட
கெசையா


வெல்பரி
24 ஜனவரி

அக்காவுக்கு,

வின்னி அப்படிப்பட்டவள் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு ஒரு வாரம் சும்மா வைத்திருந்தேன். காரணம் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வந்தபோது என் கட்டில், பெட்டி, சுவரில் தொங்கிய என் தொப்பி எல்லாம் மாடியிலிருந்து கீழே முன்னறைக்கு வந்திருந்தன. மாடிக் கூரை ஒழுகுகிறது, அதனால் மாற்றிவிட்டேன் என்றாள் வின்னி. அவள் கடைக்குப் போன நேரத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கூரை எலும்புபோலக் காய்ந்திருக்கிறது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? முன்னறைக்குப் பக்கத்தில்தான் அவள் தையல் வேலை செய்கிற இடம். நான் எழுவது, நடப்பது எல்லாம் அங்கிருந்து தெரியும்.

அதற்கு முன்னாலேயே ஒரு நாள் கேட்டாள்: "மிஸ்டர் என்ட்விசில், ஏன் படியில பக்கவாட்டுல இறங்குறீங்க?"

"கப்பல்ல இருந்த பழக்கம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கப்பல்ல எப்ப இருந்தீங்க?"

நான் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். வேறு என்ன செய்வது?

நேற்றும் அதேதான். இந்த முறை அலமாரி இல்லை, ஒல்லியான ஒருவன். அவனும் இடது முழங்காலுக்கே வந்தான். முட்டி புளித்த ரொட்டிமாவுபோல வீங்கியிருக்கிறது.

கிரிம்ஷாவையும் கவனிக்கிறேன். வாரம் முழுக்க எங்களைச் சாம்பல் கொட்டிய ஓட்டப்பாதையில் ஓடவைப்பார், கயிறு தாண்டவைப்பார். பந்தைக் கண்ணில் காட்டமாட்டார். சனிக்கிழமை எங்களுக்குப் பந்தின் மேல் பசி வரவேண்டுமாம். ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரையும் பலகையில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பார். இடது காலுக்கு வரும்போது நான் அவருடைய இளவயது ஓட்டப்பந்தயத்தைப் பற்றிக் கேட்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்வார், கை தானாகத் தேய்த்துவிட்டுப் போகும். இப்போது அந்தக் கண் உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

அத்தானைப் பற்றியும் கேட்கவேண்டும். சாத்திய கதவுக்கு வெளியேதானே புறாக்கூண்டு? புறாப் பந்தயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ராக்லி ஊர்க்காரர்கள். எங்கள் அடுத்த பெரிய ஆட்டம் ராக்லியோடுதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஜேபஸ்


ஹேசில்டன்
27 ஜனவரி

துப்பறியும் இலாகாவின் தலைவருக்கு,

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் அத்தான்மேல் சந்தேகப்படாத நாளே எனக்குக் கிடையாது. ஆனால் அது எல்லாம் பாலாடை காணாமல் போவது பற்றி.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். படிக்காதவள் மூளைக்கு எட்டியதுதான், சிரிக்காதே. ராக்லி நமக்குப் பக்கத்து ஊர். பிப்ரவரி ஆறாம் தேதி நீ அங்கே ஆடும்போது நம் ஊரே அந்த மைதானத்தில் இருக்கும். இங்கே ஒருவர் வாயைத் திறந்தால் அங்கே காதில் விழும். அதனால் மூன்று பேரிடம் மூன்று பொய் சொல்லிவிட்டேன்.

உன் அத்தானிடம், உனக்கு வலது தோள் கழன்றிருக்கிறது என்றேன். அவர், "அப்படியா, புறாவுக்கும் இப்படித்தான் வரும்" என்றார்.

செருப்புத் தைக்கும் பில்கிங்டனிடம், உன் வலது கணுக்கால் சரியில்லை என்றேன். அந்த மனிதர் துக்கம் விசாரிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சபைப் பாடகர் குழுவில் இருக்கிற மிஸஸ் தோர்ப்பிடம், விலா என்றேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சுவதுபோல நடித்தேன். "இந்த வாயில போட்டது கிணத்துல போட்ட கல்லு, கெசையா" என்றார். அந்தக் கிணற்றிலிருந்து ஊரே தண்ணீர் இறைக்கிறது என்பது வேறு விஷயம்.

இனி நீ செய்ய வேண்டியது சுலபம். உன்னை எங்கே உதைக்கிறார்கள் என்று பார்த்து எழுது. உதை விழுகிற இடத்தைச் சொல், ஆளை நான் சொல்கிறேன். உன் வின்னியிடம் நீ எந்தப் பொய்யும் சொல்லாதே. அவளுக்கு முழங்கால் மட்டும் போதும்.

தோள், கணுக்கால், விலா. மறந்துவிடாதே. அடிபட்ட மயக்கத்தில் மாற்றி எழுதி ஒரு நல்ல மனிதர் குடியைக் கெடுத்துவிடாதே.

கெசையா


வெல்பரி
7 பிப்ரவரி

அக்கா,

மைதானத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தோளில் இடி. நான் கொடிக் கம்பத்தில் போய் விழுந்தேன். அத்தான் என்று நினைத்தேன். மனசு கனத்துப்போனது.

அடுத்து கணுக்கால். எழுந்து நிற்பதற்குள் விலாவில் ஒரு முழங்கை. இடைவேளைக்குப் பிறகு முழங்கால். பிறகு மறுபடியும் தோள். கடைசியில் நீ யாரிடமும் சொல்லாத இடத்தில்கூட ஓர் உதை விழுந்தது, அதை எழுத முடியாது.

எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அத்தான், பில்கிங்டன், தோர்ப் அம்மா, இங்கே வின்னி. ஒருவர் பாக்கி இல்லை. நாலு பக்கமும் என்னை விற்றிருக்கிறார்கள்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் வின்னியிடம் நேராகக் கேட்டுவிட்டேன்: "உங்க மாமன் மகன்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?" அவள் கிரேவிக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். "அவன்கிட்ட நான் பேசி ஒரு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இன்று அவள் அம்மாதான் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். உருளைக்கிழங்கு காய்ந்து கிடந்தது.

உனக்கு இனி எழுதலாமா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

ஜேபஸ்


ஹேசில்டன்
10 பிப்ரவரி

தம்பிக்கு,

எழுதாமல் எங்கே போவாய்? உன்னைத் திட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

உன் கடிதம் வந்த அன்று மூன்று சண்டை போட்டேன். பில்கிங்டனிடம் இனி என் கடையில் குடல் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மனிதர் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனார், பார்க்கப் பாவமாக இருந்தது. மிஸஸ் தோர்ப்பின் முகத்துக்கு நேரே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் உன் அத்தானைப் பிடித்தேன்.

"யார்கிட்ட சொன்னீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

"என்னத்தை?"

"தோளை."

"எந்தத் தோளை?"

"ஜேபஸ் தோளை! ராக்லிக்காரங்ககிட்ட சொன்னது நீங்கதானே?"

அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். "நீ சொன்ன மறுநாள்லேர்ந்து காய்ச்சல்ல கிடக்கேன். புறாவுக்குத் தீனி வைக்கக்கூட நீதான் போறே. நான் போர்வைகிட்டயா போய்ச் சொல்லுவேன்?"

திட்டுவதை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும். அவர் சொன்னது சரிதான், ஜேபஸ். இரண்டு வாரமாக அந்த மனிதர் வாசல்படி தாண்டவில்லை. வீட்டுக்கு ஒருவரும் வரவும் இல்லை. வந்தால் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நான் சொன்ன பொய் போர்வைக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. அப்புறம் எப்படி உன் தோளில் இடித்தார்கள்?

இதில் எனக்குப் புரியாத ஏதோ இருக்கிறது. எட்டு வருடமாக நீ ஆடுகிறாய். ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை என் கடையில் மூச்சுவிட நேரம் கிடையாது. இந்த முறை கடையை உன் அத்தானிடம் விட்டுவிட்டு இருபதாம் தேதி வெல்பரிக்கு வருகிறேன். உன் ஆட்டத்தையும் பார்க்கவேண்டும், அந்தக் கிரேவிக்காரியையும் பார்க்கவேண்டும்.

அதுவரை வாயை மூடிக்கொண்டு இரு. யாரையும் கேட்காதே.

கெசையா


வெல்பரி
16 பிப்ரவரி

அக்கா,

வராதே. காரியம் கெட்டுவிட்டது.

வாயை மூடு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நேற்றுப் பயிற்சிக்குப் போனேன். பலகையில் படுத்திருந்தேன். கிரிம்ஷா எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடினார். என்னை விற்றுவிட்டுப் பாட்டு வேறா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"நீங்கதானே சொன்னது?" என்றேன்.

"என்னத்தை?"

"நடிக்காதீங்க கிரிம்ஷா! என் இடது முழங்கால் போச்சுன்னு ஊர் ஊரா சொன்னது நீங்கதானே?"

அவர் கை நின்றது. எண்ணெய்ப் புட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"எந்த முழங்கால்?" என்றார்.

அக்கா, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அது நடிப்பு இல்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் ஒரு கையால் என்னை அமுக்கி, மறு கைக் கட்டைவிரலை முட்டியின் உள்பக்கம் வைத்து அழுத்தினார். நான் பலகையைக் கடிக்காத குறை.

"எத்தனை மாசமா?" என்றார்.

கத்தினேன். நாலு கிளப்புக்கும் தெரிந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் தெரியாதா என்று கத்தினேன். அவர், "சட்டையைப் போட்டுக்க" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீ உண்டு என்று வழக்கம்போல இன்று தபால் அட்டை வந்திருக்கிறது. ஏன் வந்தது? முதலாளிகளிடம் அவர் இன்னும் சொல்லவில்லையா, சொல்லி, என்னை ஓடவிட்டுப் பார்க்கப்போகிறார்களா? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் விளங்கவில்லை.

நான் விழுவதைப் பார்க்க நீ ரயில் ஏறவேண்டாம்.

ஜேபஸ்


ஹேசில்டன்
22 பிப்ரவரி

என் உடன்பிறந்த மடையனுக்கு,

வந்தேன், பார்த்தேன், உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன். சொல்லியிருந்தால் அங்கேயே உன்னை அடித்திருப்பேன். உனக்கு அன்றைக்கு அடி போதுமானதாக இருந்தது.

மதியம் நேராக நீ குடியிருக்கும் வீட்டுக்குத்தான் போனேன். நீ மைதானத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாய். கதவைத் திறந்தது வின்னி. சண்டை போடத் தயாராகத் தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க அவரோட அக்காதானே? மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"மாடிக் கூரை எப்படிம்மா, இன்னும் ஒழுகுதா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

அவள் சிவந்துபோனாள். "கூரை ஒழுகலை. அவர் படியில படுற அவஸ்தையைப் பார்க்க முடியலை. முட்டி வலின்னு தெரிஞ்சா வெட்கப்படுவார். அதான் கூரைமேல பழியைப் போட்டேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நவம்பர்லேர்ந்து. உங்க ஊருக்குப் போயிட்டு வந்தப்ப வாத்துக் கொழுப்பு நாத்தம் அடிச்சுது."

"யார்கிட்ட சொன்னே?"

"அம்மாகிட்டகூடச் சொல்லலை. சொல்லிக்கிற மாதிரியா இருக்கு? அவருக்கே சொல்லலையே."

நாலு மாதம், ஜேபஸ். ஒரு பெண் நாலு மாதம் ஒரு விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னால் நாலு மணி நேரம் முடியாது. அவளைப் பார்த்து நீ கேட்ட கேள்வியை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

இரண்டு பேருமாக ஆட்டம் பார்க்கப் போனோம். ஆட்டமா அது? எங்கள் தெருவில் சம்பள நாளில் மதுக்கடை மூடும்போது இதைவிட மரியாதையாக நடந்துகொள்வார்கள். எல்லோரையும் எல்லோரும் உதைக்கிறார்கள். தோளில் இடிக்கிறார்கள், விலாவில் குத்துகிறார்கள். உங்கள் கோல்காப்பாளனைப் பந்தோடு சேர்த்து மூட்டைபோல வலைக்குள் தள்ளினார்கள். கோல் என்று கத்தி எதிரணி ஊர் ஜனங்கள் தொப்பியை எறிகிறார்கள். அடேய், நான் தோளென்றும் விலாவென்றும் பொய் சொல்லாவிட்டாலும் உனக்குத் தோளிலும் விலாவிலும்தான் அடி விழுந்திருக்கும். இத்தனை வருடமும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. முழங்கால் வலித்த பிறகு நீ முழங்காலில் விழுந்ததை மட்டும் கணக்கில் வைத்தாய். நான் பொய் சொன்ன பிறகு மற்றதும் கணக்கில் வந்தது.

"அப்படியானால் கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு ஏன் இடது கால்?" என்று கேட்பாய். கேள். நீ ஓடுவது வலது ஓரத்துக் கோட்டை ஒட்டி. உன் வலது கைப்பக்கம் யார் இருக்கிறார்கள்? நானும் வின்னியும் மற்ற ஜனங்களும். நாங்களா வேலியைத் தாண்டி வந்து உதைப்போம்? உன்னை உதைக்க வருகிறவன் எல்லாம் மைதானத்தின் நடுவிலிருந்துதான் வருகிறான். அந்தப் பக்கம் உனக்கு என்ன கால் இருக்கிறது? வீட்டுக்கு வந்து, சந்தேகத்துக்கு என் சமையலறைச் சுவரை ஒட்டி ஓடியும் பார்த்தேன். இடது கால்! வலது காலில் நீ கட்டுப் போட்டாலும் சரி, மணியைக் கட்டினாலும் சரி, அது அவனுக்கு எட்டாது.

இடது ஓரத்தில் ஓடுகிறானே ஒரு செம்பட்டைத் தலையன், அவனை அன்று முழுக்க வலது காலில் உதைத்தார்கள். அவன் முழங்காலைப் பற்றி எந்த அக்கா யாரிடம் சொன்னாளாம்?

பில்கிங்டனுக்குக் குடல் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மிஸஸ் தோர்ப்பிடம் நாளைக்கு. இங்கே ஒருவரும் உன்னை விற்கவில்லை. உன் முழங்காலைப் பற்றி வாயைத் திறந்தவன் நீ ஒருவன்தான், அதுவும் கிரிம்ஷாவிடம்.

முதலில் போய் அந்தப் பெண்ணிடம் பேசு.

கெசையா


வெல்பரி
2 மே

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் உனக்கே தெரிந்திருக்கும். உன் கடிதத்தைப் படித்த அன்று நானும் முன்னறைச் சுவரை ஒட்டி ஓடிப்பார்த்தேன். வின்னி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் கிரேவி இல்லை. பிறகு வந்தது.

மார்ச்சில் என்னை இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை கதவில் பெயர்கள் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் பார்த்தேன். எனக்காக வேறு கிளப்பிடம் பணம் கேட்கப்போவதில்லை, எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். யாருக்கும் வேண்டாதவனுக்கு அப்படித்தான் சொல்வார்கள்.

கிரிம்ஷா என் பூட்ஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் சொல்லலைப்பா" என்றார்.

"அப்ப யாரு?"

"நீதான். அன்னிக்கு நீ போட்ட சத்தம் இருக்கே! சுவத்துக்கு அந்தப் பக்கம் முதலாளி ஒருத்தர் உட்கார்ந்து சுருட்டு பிடிச்சுக்கிட்டிருந்தார். கதவைத் திறந்துக்கிட்டுப் போறாரு, சுருட்டு அணைஞ்சதுகூடத் தெரியாம."

எனக்குச் சிரிப்பு வந்தது அக்கா. பிறகு அவர் சொன்னார்: "நவம்பர்லயே என் காதுல போட்டிருந்தா, சுளுக்குன்னு சொல்லி ஆறு வாரம் படுக்கவெச்சிருப்பேன். எத்தனை பேரை அப்படிப் பண்ணியிருக்கேன்." அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆலையில் சிக்கெடுக்கும் அறை மேஸ்திரி இன்னும் பழைய ஆள்தானா? விசாரித்து எழுது.

ஜேபஸ்


ஹேசில்டன்
5 மே

தம்பிக்கு,

மேஸ்திரியை விசாரிக்கமாட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தத் தூசிக்குள் உன்னை அனுப்பமாட்டேன்.

கோடை முழுக்க இங்கே வந்து கட்டிலில் கிட. கொழுப்பு இருக்கிறது, குடல் இருக்கிறது, உன் அத்தானின் புறாக்கதை இருக்கிறது. அதைக் கேட்டால் எழுந்து ஓடத் தோன்றும். ஓடவிடமாட்டேன்.

அப்புறம் ஒரு கேள்வி. எனக்கு ஆட்டம் தெரியாது, ஒரே ஒரு தடவை பார்த்தவள். வலது ஓரத்தில் ஓடினால் இடது காலை உதைக்கிறார்கள் என்றால், நீ ஏன் அந்தச் செம்பட்டைத் தலையன் பக்கம் போய் ஓடக்கூடாது? அதற்குச் சட்டம் ஏதாவது தடையா?

வின்னியையும் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு வா. அவள் வாயிலிருந்து ஏதாவது பிடுங்க முடியுமா என்று பார்க்கிறேன்.

கெசையா


ஸ்டோன்கேட்
5 செப்டம்பர்

அக்காவுக்கு,

கிளப் சின்னது. மைதான வேலிக்கு அந்தப் பக்கம் சுரங்கத்துக் குதிரைகள் மேய்கின்றன. ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வந்தேன். அவர்களுக்கு வெல்பரியில் எட்டு வருடம் ஆடியவன் என்றால் பெரிய விஷயம்.

முதல் நாள் பயிற்சியாளர் எல்லோருக்கும் முன்னால், "உடம்புல எங்கயாச்சும் கோளாறு இருக்கா?" என்று கேட்டார். உடை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதில் எவனுக்கு எதிரணியில் சொந்தக்காரன் இருக்கிறான் என்று என் கண் ஒவ்வொரு முகமாகப் போனது. பழக்கம் விடவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

"இடது முழங்கால்" என்றேன். "போன வருஷத்துலேர்ந்து. கோடை முழுக்க ஓய்வு குடுத்தேன். பாதி சரியாயிருக்கு."

பிறகு கோல்காப்பாளன் வளைந்த சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டி, "இது மடங்காது" என்றான். மூலையில் இருந்த தடியன், "எனக்கு இடுப்பு. காலையில சம்சாரம்தான் பூட்ஸ் மாட்டிவிடுவா" என்றான். ஒருவனுக்கு ஒரு காது கேட்காது, நடுவரின் ஊதல்கூடக் கேட்காதாம். அந்த அறையில் முழு உடம்போடு ஒருவனும் இல்லை, அக்கா. "சரிதான்" என்றார் பயிற்சியாளர், "எல்லாரையும் சேர்த்தா மூணு ஆள் தேறும்போல."

இடது ஓரத்தில் போடுங்கள் என்று கேட்டேன். எட்டு வருடம் வலது ஓரம் ஆடியவன் ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. காரணத்தைச் சொன்னேன். அவர் சுவரை ஒட்டி நாலடி நடந்து பார்த்தார். "இதை உனக்கு யார் சொன்னது?" என்றார். குடல் கடை வைத்திருக்கிற என் அக்கா என்றேன்.

நேற்று முதல் ஆட்டம். இடது காலால் பந்தை நடுவுக்கு அனுப்புவது எனக்கு இன்னும் கைவரவில்லை. முதல் பந்து வேலிக்கு மேலே போய்க் குதிரைகளிடம் விழுந்தது. ஜனங்கள் என்னைக் கேலி செய்தார்கள். ஆட்டம் பார்க்க ரயிலேறி வந்து வேலியோரம் நின்ற வின்னிகூடச் சிரித்துவிட்டாள். இரண்டாவது, மூன்றாவது பந்துகளும் சுமார்தான். நாலாவது சரியாகப் போனது; இடுப்புவலிக்காரன் தலையால் முட்டிக் கோல் போட்டான்.

அதற்கப்புறம் எதிரணிப் பின்காவலன் என்மேல் கண் வைத்துவிட்டான். நடுவிலிருந்து ஓடிவந்து முழங்காலில் உதைத்தான் பார், என் சத்தம் சுரங்கம்வரை கேட்டிருக்கும். புல்லில் உருண்டேன். இவனுக்கு யார் சொன்னது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தடவிப் பார்த்தேன். படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நடுவர் ஓடிவந்து குனிந்தார். "மண்டையில அடியாப்பா? எங்க பட்டுச்சு, சொல்லு."

"நல்ல கால்லதான் ஐயா" என்றேன்.

ஜேபஸ்